15 வருஷம் ஓடிய கார்: ரிப்பேரா, புதுசா, ஸ்கிராப்பா? கணக்கு எங்கே தப்பாகிறது?

“15 வருஷம் ஆயிடுச்சா? இனி ரோட்ல எடுத்தாலே பிடிப்பாங்க. வந்த விலைக்குத் தள்ளிடுங்க!” பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சொல்பவர் புரோக்கர் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வார்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. டீசல் காருக்கு 10 ஆண்டு, பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்பது டெல்லி மற்றும் அதன் சுற்றுப்பகுதிக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் செய்திதான் வாட்ஸ்அப்பில் ஊர் பெயரைத் தொலைத்துவிட்டு சுற்றுகிறது.

இங்கே சொந்த உபயோக காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி.

ஆக, சட்டம் விற்கச் சொல்லவில்லை. மெக்கானிக் கொடுக்கும் எஸ்டிமேட்தான் பலரை அசைக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்கிறார் மெக்கானிக். காரை விற்றால் கிடைப்பது 1.2 லட்சம். “பாதி விலையை ரிப்பேருக்கே கொட்டணுமா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் விற்கும் விலை, விற்கப்போகிறவருக்குத்தான் முக்கியம். தொடர்ந்து ஓட்ட நினைப்பவர் அடுத்த காருக்கு மாதம் எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும். 5 லட்சம் கடன், 9% வட்டி, 5 ஆண்டு என்றால் இஎம்ஐ சுமார் 10,380 ரூபாய். அந்த 60,000 ரிப்பேர் இரண்டு ஆண்டு தாங்கினால் மாதம் 2,500-தான். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்த பிறகும் இந்த இடைவெளி பெரிதுதான்.

தாங்குமா என்பதுதான் விஷயம். கடைசி இரண்டு வருட ஷெட் பில்களை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டிய சாமான்கள், அதற்காகப் பயப்பட வேண்டாம். அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தாலோ, அடிப்பாகத்தில் துரு ஏறி உலோகம் உதிர்ந்தாலோ பணத்தை அங்கே போடாமல் இருப்பது நல்லது. கடலோர ஊர் கார்களிலும், வெள்ளத்தில் நின்ற கார்களிலும் இதை அவசியம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ரிப்பேரால் வாங்க முடியாத ஒன்றும் உண்டு. ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலும், டிரைவருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும்தான் எல்லா புது கார்களுக்கும் கட்டாயமானது. 2010 வாக்கில் வாங்கிய பேஸ் மாடல்கள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. ஊருக்குள் கடைக்கும் ஸ்கூலுக்கும் போக அந்த கார் போதும். வாரம்தோறும் குடும்பத்தோடு ஹைவேயில் போகிறவர்களுக்கு, மேலே போட்ட கணக்கு மாறிவிடும்.

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய வண்டி என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. ரிப்பேர் செலவு, பாலிசியில் உள்ள ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. 10 ஆண்டு தாண்டிய காரில் சாதாரண பாலிசி என்றால் உலோக பாகங்களுக்கும் பாதி விலையைத்தான் தருவார்கள்.

சரி, ஸ்கிராப் என்றே முடிவெடுத்தாச்சு. காயலான் கடையில் கொடுத்தால் உடனே கையில் காசு. ஆனால் ஆர்சி உங்கள் பெயரிலேயே இருக்கும். அந்த வண்டியை யாரோ ஒட்டுப்போட்டு ஓட்டி விபத்து ஆனால்? காரை விற்று கைமாறிப் போயிருந்தாலும், ஆர்சியில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் ‘சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்’ தருவார்கள். அதை வைத்து புது காரின் பதிவுக் கட்டணத்தில் விலக்கு கேட்கலாம். சாலை வரியில் 25% வரை சலுகை தர மத்திய அரசின் விதி இடம் கொடுக்கிறது, எவ்வளவு என்பது மாநிலத்தின் முடிவு. ஓடும் நிலையில் விற்பவர்கள் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுத்து, ஆர்சியில் பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.