காத்மண்டு அரையிறுதி: பத்துப் பேரிடம் ஏன் தோற்றோம்?

2024 அக்டோபர் 27 அன்று காத்மண்டு தசரத் மைதானத்தில் நடந்த தெற்காசிய மகளிர் கால்பந்து அரையிறுதியில் இந்திய அணி நேபாளத்திடம் தோற்று வெளியேறியது. கிரிக்கெட் என்றால் ஊரே பேசியிருக்கும். இதற்கு விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி கிடைத்தாலே அதிகம். ஒரு ஆலிமுக்குப் பெண்கள் கால்பந்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பின்னால் வருவோம். முதலில் ஆட்டம்.

இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் நேபாளத்தின் ரேகா பவுடேல் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதன் பிறகு களத்தில் நாம் பதினொரு பேர், அவர்கள் பத்துப் பேர். 62ஆம் நிமிடத்தில் சங்கீதா பாஸ்ஃபோர் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் சென்றது. 1-0. நம் வீராங்கனைகள் அந்தக் கோலைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே நேபாளம் அவசரமாகப் பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கி, ஓடிப்போய் ஒரு கோல் அடித்தது. நடுவர் அதை ஏற்கவில்லை. நேபாள வீராங்கனைகள் ஆட மறுத்தார்கள். ஏறக்குறைய 70 நிமிடம் ஆட்டம் நின்றது.

நடுவர் தீர்ப்பு சரியா தவறா என்ற வழக்கை நாம் இங்கே விசாரிக்கப் போவதில்லை. அந்தத் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாகவே இருந்தது. ஒரு கோல் முன்னிலை, எதிரணியில் ஒரு ஆள் குறைவு, சாதகமான தீர்ப்பு. இத்தனை இருந்தும் ஆட்டம் மீண்டும் தொடங்கிய சிறிது நேரத்தில் சபித்ரா பண்டாரி கோல் அடித்துச் சமன் செய்துவிட்டார். அவர் அப்போது பிரான்ஸ் கிளப் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியிலேயே ஆபத்தான முன்கள வீராங்கனை. ஆளில்லாத அணி பந்தை யாரிடம் அனுப்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவரைக் காவல் காக்க ஒரு ஆள் கூடுதலாகவே நம்மிடம் இருந்தார். பிறகு பெனால்டியில் 4-2.

குளிர்ந்துபோன உடம்பைக் காரணம் சொல்ல முடியாது. 70 நிமிடம் இரு அணிக்கும் ஒன்றுதான். முன்னிலை கிடைத்ததும் அதைக் காப்பாற்றினால் போதும் என்று பின்வாங்கியதுதான் நம் கண்ணுக்குப் பட்ட பிழை. பத்துப் பேர் உள்ள அணியைப் பந்தின் பின்னால் ஓடவிட்டுக் களைக்கச் செய்ய வேண்டும். அதற்கு நடுக்களத்தில் பொறுமையாகப் பந்தைக் கைமாற்றும் பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கம் சேர்ந்து ஆடினால்தான் வரும். தாமஸ் டென்னர்பி போனார், லாங்கம் சாவோபா தேவி வந்தார், அவரும் போய் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சந்தோஷ் காஷ்யப் பொறுப்பேற்றார். வீராங்கனைகளின் பெயர்களைக் கற்கவே அவருக்கு நேரம் போதாது.

ஒரு காலத்தில் இந்தக் கோப்பை நம் வீட்டுச் சொத்து மாதிரி. 2010, 2012, 2014, 2016, 2019 என்று முதல் ஐந்து முறையும் இந்தியாவே வென்றது. 2022இல் இதே காத்மண்டுவில், இதே நேபாளத்திடம், இதே அரையிறுதியில் 0-1 என்று தோற்றோம். அதே ஆண்டு ஜனவரியில் நம் நாட்டிலேயே நடந்த ஆசியக் கோப்பையில் கொரோனாவால் ஆட ஆள் சேராமல் விலக நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் முந்திச் சென்றது வங்கதேசம். 2022இலும் 2024இலும் கோப்பை அவர்களுடையது. 2024இல் பிரிவு ஆட்டத்திலேயே நம்மை 3-1 என்று வென்றார்கள். அக்டோபர் 30 இறுதியில் நேபாளத்தை 2-1 என்று வென்றார்கள்.

அந்த வங்கதேசத்தைத்தான் நம் வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. பெண்கள் கால்பந்து அங்கே தொடங்கிய நாட்களில் மார்க்க அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. 2011இல் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவிகளுக்கென்று நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்ற எல்லையோரக் கிராமப் பள்ளி அதில் கோப்பைகளை அள்ளியது. அந்த ஒரே பள்ளியிலிருந்து தேசிய அணிக்குப் பலர் வந்தார்கள். கிடைத்த பிள்ளைகளை டாக்காவுக்கு அழைத்துத் தங்கவைத்து, ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி கொடுத்தார்கள். அப்போதைய அணித் தலைவி சபினா காத்தூன் முஸ்லிம், மரியா மாந்தா காரோ பழங்குடிக் கிறிஸ்தவர். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அடித்த மோனிகா சக்மா, ரிதுபர்ணா சக்மா இருவரும் சிட்டகாங் மலைப்பகுதிப் பௌத்தர்கள். கோல்கீப்பர் ரூப்னா சக்மாவும் அந்த மலைக்காரரே.

அந்த மலை மக்களுக்கும் டாக்கா அரசுக்கும் இருந்த மோதல் 1997 ஒப்பந்தம் வரை நீண்டது. இன்னும் புண் ஆறவில்லை. 2024 செப்டம்பரில்கூட காக்ராச்சாரியிலும் ரங்காமாட்டியிலும் வன்முறையில் உயிர்கள் போயின. பெரும்பான்மை முஸ்லிம்கள் அங்கே சிறுபான்மைக்குச் செய்ய வேண்டிய நீதியில் குறை இருக்கிறது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்த வலி தெரியும். அதற்கு ஒரு மாதம் கழித்து அதே ரங்காமாட்டிப் பெண்தான் 81ஆம் நிமிடத்தில் வெற்றி கோல் அடித்தார், டாக்காவில் திறந்த பேருந்தில் வரவேற்பு கொடுத்தார்கள்.

இதை நாம் கள்ளக்குறிச்சியில் இருந்து எழுதுகிறோம். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். வெள்ளிமலை வரை போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு ஏறி இறங்கும் மேடு பள்ளங்கள் எப்படிப்பட்டவை என்று. எந்தப் பயிற்சியாளரும் தேடிப் பிடிக்க வேண்டிய கால்களும் மூச்சும் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கின்றன. ஆனால் 2024இல் அந்த மலையின் பெயர் வெளியுலகுக்குப் போனது சாராயத்தோடுதான். ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கேட்டது. பக்கத்துக் கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசனும், பண்ருட்டி சந்தியா ரங்கநாதனும் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். 2018இலும் 2023இலும் தேசிய சீனியர் மகளிர் பட்டத்தைத் தமிழ்நாடு வென்றிருக்கிறது. கடலூரில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்றால், அங்கே மைதானமும், பிள்ளைகளைத் தேடிப் பிடித்த பயிற்சியாளரும் இருந்தார்கள். நம் மாவட்டம் 2019 நவம்பரில்தான் பிறந்தது என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

இனி நம் வீட்டு விஷயம். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் ஓரமாக அழைத்துப் போனார். "ஹஜ்ரத், எட்டாவது படிக்குது நம்ம புள்ள. ஸ்கூல் டீம்ல பந்து ஆடணுமாம். அவ உம்மா வேணாங்குறா. நீங்க என்ன சொல்றீங்க?"

உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைத்துப் பேசுவது அமானிதம் ஆகாது. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஓடுவதும் இருக்கிறது, மற்றவர்களை முன்னே அனுப்பியதும் இருக்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் எடுக்கிறார்கள், சிலர் இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிள்ளையின் உடல் நலத்துக்கும் உற்சாகத்துக்கும் கதவு திறந்திருக்கிறது, ஹயாவுக்கும் இடம் இருக்கிறது. ஆடை ஒரு தடையே இல்லை. தலையை மூடிக்கொண்டு ஆட 2014 முதல் சர்வதேச விதி அனுமதிக்கிறது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபோடு ஆடினார், அந்த ஆட்டத்தில் தென் கொரியாவை 1-0 என்று வென்று, மொராக்கோ அடுத்த சுற்றுக்கும் போனது. முழுக்கை, முழுக்கால் உடை என்று பள்ளியில் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பயிற்சி கொடுப்பது பெண் ஆசிரியரா, வெளியூர் போட்டிக்கு யார் உடன் போவது, தொழுகை நேரம் என்னாகும் என்பதையெல்லாம் பெற்றோர் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் தொலைக்காட்சி, விளம்பரம், கூட்டம் நிறைந்த மைதானம் என்ற நிலை வந்தால் அது வேறு மஸ்அலா. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மேல் அதை இப்போதே தூக்கி வைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னோம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "டீம்னு பேருதான் ஹஜ்ரத். வாரத்துக்கு ஒரு பி.டி. பீரியடு. அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கிறாராம். கிரவுண்டுல சாயங்காலம் வெளிப் பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க."

வரும் திங்கட்கிழமை அவரோடு சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.