நலவாழ்வுப் பக்கம்: பித்தமன்று, செவியே காரணம்

 

பின்னலாடைத் தொழிலையே மூச்சாகக் கொண்ட திருப்பூரில், கம்பெனிகள் ஒருசேரக் கதவடைக்கும் நாட்கள் ஆண்டில் சிலவே. தீபாவளி, பொங்கல் விடுமுறைகளோடு நம் இல்லங்களில் பெருநாள் விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். அந்நாட்களில் வேன் அமர்த்திக்கொண்டு ஊட்டிக்கும், வால்பாறைக்கும், மூணாறுக்கும், நாகூருக்கும் குடும்பத்தோடு புறப்படுவது நாம் நன்கறிந்த வழக்கம்.

இப்பொழுது கடற்பயணமும் நம்மைப் போன்ற குடும்பங்களின் கைக்கு எட்டத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அங்கிருந்தே இலங்கைத் துறைமுகங்களுக்கும் கப்பல் சென்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் விடப்பட்டது. நமக்கு அணித்தான கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் கப்பல்களோ நெடுங்காலமாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் பயணப் பேச்சு எழும்போதெல்லாம் வீட்டில் ஒருவர் மட்டும் ஒதுங்கிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். "எனக்குப் பஸ்ஸே ஒத்துக்கொள்வதில்லை, கப்பல் எதற்கு? நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் அவர். பெரும்பாலும் அவர் அந்த வீட்டின் தாயாகவே இருப்பார். "அம்மாவுக்குப் பித்த உடம்பு" என்று பிள்ளைகளும் அதோடு விட்டுவிடுவர். அந்தத் தாயைப் பயணத்திலிருந்து விலக்கி வைப்பது நோயைவிட நம் அறியாமையே. பயணக் குமட்டல் பித்தத்தால் வருவதன்று. மனத்தின் பலவீனமும் அன்று. பெருமளவுக்குத் தடுக்கக் கூடியது. ஆயின் தடுக்கும் வேலையை வண்டியில் ஏறுமுன்னரே செய்துவிட வேண்டும்.

காரணம் எங்கே இருக்கிறது?

நம் காது கேட்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதன்று. உட்செவியினுள்ளே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்பினாலும் அத்திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அவற்றின் அருகே, நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைத் தாங்கிய இரு சிறு பைகள் உண்டு. நாம் முன்னே செல்வதையும், மேலேறிக் கீழிறங்குவதையும் அவை உணர்த்துகின்றன.

கப்பலின் அறைக்குள் அமர்ந்திருப்பவரின் கண், எதிரேயுள்ள சுவரைப் பார்த்து "நான் அசையவில்லை" என்கிறது. செவியோ "ஏறுகிறாய், இறங்குகிறாய்" என்கிறது. இந்த இரு சாட்சிகளின் முரண்பாட்டில் மூளை தடுமாறுவதே குமட்டலின் மூலம் என்பது மருத்துவ அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. உட்செவியின் இப்பகுதி முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு எந்தக் கடலிலும் குமட்டல் வருவதில்லை என்பதே இதற்குத் தக்க சான்று. ஆகவே வாந்தி வயிற்றிலிருந்து வந்தாலும், வழக்கு நடப்பது தலைக்குள்ளேதான்.

ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் அசைவே மிகுதியாகக் குமட்டலைத் தூண்டும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். கடலலையின் அசைவு பெரும்பாலும் இத்தகையதே. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வளைந்து வளைந்து செல்லும்போதும் செவிக்கு ஓயாத வேலைதான். அச்சாலையில் தலை சுற்றுகிறவர் கடலிலும் முன்னெச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

ஓட்டுநருக்கு மட்டும் ஏன் குமட்டுவதில்லை? அடுத்த வளைவு எங்கே வருமென்பதை அவர் கண் முன்கூட்டியே அறிந்து உடலுக்குச் சொல்லிவிடுகிறது. நாம் பின்பற்ற வேண்டிய வழியும் அதுவே.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அரிது. அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் கருவுற்றிருக்கும்போதும் மாதவிலக்கு நாட்களிலும் கூடுதல். ஒற்றைத் தலைவலி உடையோருக்கும் அவ்வாறே. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் வாழ்நாளெல்லாம் கடற்குமட்டலால் அவதியுற்றவர். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினும் இறுதிவரை அதிலிருந்து தப்பவில்லை.

பருவமும் இடமும்

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். நாகப்பட்டினம் கப்பல் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் இப்பருவத்தை முன்னிட்டே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட் 16 அன்றுதான் மீண்டும் ஓடியது. அரபிக் கடலிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிப்பு மிகுதி. லட்சத்தீவு செல்ல விரும்புவோர் அம்மாதங்களைத் தவிர்ப்பது நலம். பிள்ளைகளின் விடுமுறையைப் பார்ப்பது போலவே கடலின் நிலையையும் பார்த்துச் சீட்டெடுங்கள்.

அடுத்தது இடம். சிறுவர் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். இரு முனைகளும் உயர்ந்து தாழ, நடுப்பகுதி மட்டும் அசையாதிருக்கும். கப்பலும் அத்தகையதே. ஆகவே அறையோ இருக்கையோ கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தை ஒட்டிக் கிடைக்குமானால் அதையே கேளுங்கள். பெரிய உல்லாசக் கப்பலைவிட, ஏறத்தாழ 110 கிலோமீட்டரைச் சில மணி நேரத்தில் கடக்கும் சிறிய பயணியர் கப்பல் அதிகம் ஆடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தலை சுற்றத் தொடங்கினால் மேல்தளத்துக்குச் சென்று, காற்றுப்பட நின்று, கடலும் வானும் கூடும் தொடுவானக் கோட்டையே பாருங்கள். கண்ணும் செவியும் அப்போது ஒரே சாட்சி சொல்லும். எழுந்து செல்ல முடியாதவர் மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மூடிக்கொள்வதே மேல். லட்சத்தீவின் பல தீவுகளில் பெரிய கப்பல் சற்றுத் தொலைவில் நிற்க, சிறு படகில் மாறிக் கரையேற வேண்டியிருக்கும். அப்போது படகின் அடித்தளத்தைப் பாராமல் கரையையே பார்த்திருங்கள்.

வேனிலும் பஸ்ஸிலும் முன்னிருக்கையே சிறந்தது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையே மோசமானது. நம் குடும்பங்களில் முன்னிருக்கை வீட்டின் பெரிய ஆண்மகனுக்கென்று ஒதுக்கப்படுவதும், பெண்கள் பின்வரிசையில் நெருங்கி அமர்வதும் வழக்கமாகியிருக்கிறது. மரியாதையில் பிழையில்லை. ஆயினும் மலைச்சாலையில் அவ்விடம் யாருக்குத் தேவையோ அவருக்கே தரப்படட்டும். அத்தாவும் தாத்தாவும் பின்னே அமர்ந்தால் மரியாதை குறைந்துவிடாது. புர்கா அணியும் சகோதரிகள் மெல்லிய துணியில் அணிந்து, சன்னலோரம் அமர்வது நன்று. வெப்பமும் புழுக்கமும் குமட்டலை வளர்க்கும். பிள்ளைகள் வளைவுச் சாலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவதை அவசியம் தடுத்துவிடுங்கள்.

உணவும் மணமும்

வாந்தி வருமென்று அஞ்சி வெறும் வயிற்றோடு புறப்படுவோர் நம்மில் பலர். இது தவறான எண்ணம். காலி வயிறு குமட்டலைத் தணிப்பதில்லை. உடலைச் சோர்வுறச் செய்கிறது. புறப்படுவதற்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி முன்னதாக இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவைக் கொஞ்சமாக உண்ணுங்கள். நெய்ச்சோறும் பொரித்த இறைச்சியும் ஊர் போய்ச் சேர்ந்த பின் இருக்கட்டும். மூடிய வேனுக்குள் பிரியாணிச் சட்டியின் மணமும், அத்தரின் மணமும், டீசல் புகையும் ஒன்று கலந்தால் நல்ல உடம்புக்கே தலை சுற்றும். அத்தரை இறங்கும் ஊரில் பூசிக்கொள்ளலாம்.

இஞ்சி மிட்டாயோ எலுமிச்சையோ சிலருக்கு இதமளிக்கிறது. தீங்கில்லை. ஆனால் மருந்துக்கு ஈடாக அதை நம்பிக் கப்பலேற வேண்டாம்.

மருந்தில் கவனம்

பயணக் குமட்டலுக்கான மாத்திரைகளைப் பற்றி முதலில் அறிய வேண்டியது, அவை தடுக்கும் மருந்துகளே என்பது. வாந்தி தொடங்கிய பின் விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். அவோமின் என்ற பெயரில் நம் கடைகளில் கிடைக்கும் புரோமெதசின் வகையை, புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னரே உட்கொள்ள வேண்டும். மெக்லிசின், சின்னாரிசின் போன்றவையும் உண்டு. பொதுவாக வாந்திக்கென்று கடையில் வாங்கும் ஒண்டான்செட்ரான் இவ்வகைக் குமட்டலுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

இம்மருந்துகள் உறக்கத்தைத் தருவன. எனவே வண்டி ஓட்டுபவர் அருந்தலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசினைக் கொடுக்கவே கூடாது. அது மூச்சை ஒடுக்கி உயிருக்கே ஆபத்து விளைக்கும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் மருத்துவர் சொன்ன அளவே கொடுக்க வேண்டும். பெரியவரின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மருத்துவமன்று. கருவுற்ற சகோதரிகள், கண் அழுத்த நோய் உடையோர், சிறுநீர் தடைப்படும் முதியவர்கள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளோர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. காலையில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடும். வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் அதன் அறிகுறிகள். சர்க்கரைப் பொட்டலமும் உப்புச்சர்க்கரைக் கரைசல் தூளும் கைப்பையில் இருக்கட்டும். முதியவர் ஒருவர் வாந்தியோடு நெஞ்சு வலியோ, மிகுந்த வியர்வையோ, கடுந்தலைவலியோ, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ காட்டுவாரானால், "பயணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். அது இதய நோயாகவோ மூளைப் பாதிப்பாகவோ இருக்கலாம். கப்பலானால் கப்பல் மருத்துவரிடமும், சாலையானால் அருகிலுள்ள மருத்துவமனைக்கும் உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

தொழுகையும் நோன்பும்

ஹஜ்ஜுக்குக் கப்பலில் சென்ற காலத்தில் இவையெல்லாம் நம் முன்னோர் நன்கறிந்தவை. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற அப்பயணம் 1995இல் நின்றுபோன பின், நாம் மறந்துவிட்டோம். நின்றால் தலை சுற்றி விழும் நிலையில் கப்பலில் அமர்ந்தே தொழ அனுமதியுண்டு. அசையும் தளத்தில் குனிந்து நிமிர்வதை மெதுவாகச் செய்தால் தலைசுற்றல் குறையும். வாய் நிறைய வாந்தி வந்தால் ஹனபி மத்ஹபில் ஒளு முறியும். ஷாபிஈ மத்ஹபில் முறியாது. எவ்வாறாயினும் வாயையும், ஆடையில் பட்ட இடத்தையும் கழுவித் தூய்மை செய்தாக வேண்டும். நோன்பாளிக்குத் தன்னையறியாமல் வாந்தி வந்தால் நோன்பு முறிவதில்லை. வேண்டுமென்றே விரலிட்டு எடுத்தால் முறியும். மாத்திரை விழுங்கினாலும் முறியுமாதலால், நெடும் பயணம் செல்வோர் பயணிக்குரிய சலுகையைப் பற்றி ஆலிமிடம் முன்னரே கேட்டுக்கொள்ளட்டும்.

இறுதியாக ஒன்று. மூளை பழகிக்கொள்ளும் இயல்புடையது. கப்பலேறிய இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலோருக்குக் குமட்டல் தானே அடங்கிவிடும். கரையிறங்கிய பின் தரையே ஆடுவது போலச் சிறிது நேரம் தோன்றுவதும் இயல்பே; அஞ்ச வேண்டாம். இப்பழக்கத்தை நாம் முன்னரே தொடங்கலாம். திருப்பூரிலிருந்து பல்லடத்துக்கோ அவிநாசிக்கோ குறும்பயணமாக, முன்னிருக்கையில், மாத்திரை இல்லாமல் சிலமுறை அழைத்துச் செல்லுங்கள். பிறகு உடுமலை வரை, அதன்பின் மலையடிவாரம் வரை. பல ஆண்டுகளாக வெளியே செல்ல அஞ்சிய உள்ளத்துக்கு இதுவே தைரியம் தரும்.

அடுத்த விடுமுறைக்குச் சீட்டெடுக்குமுன் வீட்டிலிருப்போரைக் கூட்டி ஒருமுறை கேளுங்கள்: "யாருக்கு நடு இருக்கை வேண்டும்?" ஒதுங்கி நிற்பவர் தாமாகக் கேட்கமாட்டார். ஏனெனில் தம்மால் பிறருடைய மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாதே என்று அஞ்சித்தான் அவர் இத்தனை காலம் வீட்டைக் காத்தார். கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையிலேயே கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இம்முறை எல்லோருமாகச் சென்று நலமாகத் திரும்புவீர்கள்.