குட்டிக் கவுனுக்கு என்ன விலை?

பாக்கெட் மணி - வாரா வாரம்

போன வாரம் பழைய செமஸ்டர் புக்ஸை ஜூனியர்கள் தலையில் கட்டும் டெக்னிக் பார்த்தோம் இல்லையா? இந்த வாரம் அதைவிடச் சின்ன சைஸ் சமாசாரம். குழந்தைக்குப் பத்தாமப் போன கவுன், ஜப்லா, குட்டி டி-ஷர்ட். "ஏம்ப்பா, இன்ஜினீயரிங் படிக்கிற பையன் எழுதுற மேட்டரா இது?"ன்னு சிரிக்காதீங்க. உங்க வீட்டிலும் அக்கா குழந்தை, அண்ணன் குழந்தைன்னு ஒரு வாண்டு இருக்கும். பீரோ மேல ஒரு மூட்டையும் இருக்கும். அந்த மூட்டையில் காசு இருக்கு பாஸ். காசைவிடப் பெரிய ஒரு விஷயமும் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

எங்க ஊர் திருப்பூர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அக்கா கல்யாணமாகி அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறாள். போன லீவுக்கு மூணு வயசு மகளோடு வந்தவள், ஒரு சூட்கேஸைத் திறந்து கட்டில் மேல கொட்டினாள். அத்தனையும் பாப்பாவுக்குச் சின்னதாகிப் போன துணி. எண்ணிப் பார்த்தேன். 46 பீஸ்!

"யாருக்காச்சும் குடுத்துடலாம்மா"ன்னா அக்கா.

"இத்தனையும் புதுசாட்டம் இருக்குதேடி, எதுக்கு இவ்வளவு வாங்குனே?"ன்னு அம்மா அதட்டினாங்க.

தப்பு அக்கா மேல இல்லீங்க. பாப்பா மேல! குழந்தைகள் ஒரு வயசுக்குள்ள பிறந்த எடையைப்போல மூணு மடங்கு ஆயிடுவாங்க. பிறந்தப்போ 50 சென்டிமீட்டர் இருந்த உயரம் சுமார் 75 ஆயிடும். அதனாலதான் குழந்தை டிரெஸ்ல 0-3 மாசம், 3-6 மாசம்னு சைஸ் போடறாங்க. மொத்த ஆயுளே மூணு மாசம்! அதிலும் தாத்தா பாட்டி வாங்கித் தந்த பட்டு கவுன் ரெண்டு தடவை போட்டிருந்தாலே அதிசயம்.

"அங்கே இதையெல்லாம் என்ன பண்ணுவே?"ன்னு அக்காகிட்ட கேட்டேன். "கடையில விப்பேன்"ன்னு கூலா சொன்னாள்.

அமெரிக்காவுல எப்படி?

அங்கே இதுக்குன்னே கடைகள் இருக்கு. ரெண்டு டைப்.

முதல் டைப்பில் கையில் காசு. நீங்க துணியைத் துவைச்சு, மடிச்சு, கூடையில் கொண்டுபோகணும். கடைக்காரர் ஒவ்வொண்ணா பார்த்து, வேணுங்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டு அப்பவே காசு தந்துடுவார். அந்தக் கடை அதை என்ன விலைக்கு விக்குமோ, அதுல பெரும்பாலும் மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் நமக்கு. 1985-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரே ஒரு கடையா ஆரம்பிச்ச 'ஒன்ஸ் அபான் எ சைல்டு' இந்த டைப்தான். இப்போ அமெரிக்கா, கனடா பூரா கிளைகள்.

ரெண்டாவது டைப்புக்குப் பேர் கன்சைன்மென்ட். துணி உங்களோடதாகவே இருக்கும். கடையில் தொங்கும். வித்தால் பாதிக்குப் பாதி மாதிரி ஒரு கணக்கில் பங்கு. ரெண்டு மூணு மாசம் டைம். நடுவில் விலையைக் குறைச்சும் பார்ப்பாங்க. அப்பவும் விக்கலைன்னா நீங்க திருப்பி எடுத்துக்கலாம், இல்லைன்னா அது தர்மத்துக்குப் போயிடும். புரியலையா? நம்ம ஊர் பெட்டிக்கடையில் தொங்குற வாரப் பத்திரிகையை நினைச்சுக்குங்க. வித்தா கமிஷன், விக்கலைன்னா ரிட்டர்ன். அதே சிஸ்டம்தான்.

முதல் டைப்பில் காசு கம்மி, ஆனா உடனே வரும். ரெண்டாவதில் காசு ஜாஸ்தி, ஆனா காத்திருக்கணும். சாதாரண டி-ஷர்ட்டெல்லாம் முதல் கடைக்கு, நல்ல பிராண்டு ஃப்ராக், குளிர் கோட்டெல்லாம் ரெண்டாவது கடைக்கு. அக்காவோட ஃபார்முலா இது.

இன்னொரு மேட்டரும் சொன்னாள். அங்கே பழைய துணின்னாலும் சட்டம் இருக்கு. 2008-ல் வந்த குழந்தைப் பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, ஈயம் அளவுக்கு மேல இருக்கிற குழந்தைப் பொருளைப் பழைய துணிக்கடையும் விக்கக் கூடாது. கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டுற கயிறு வச்ச குழந்தை ஜாக்கெட் வந்தா கடைக்காரர் ஓரமா வச்சிடுவார். சறுக்குமரத்துல அந்தக் கயிறு மாட்டி உயிரே போயிருக்காம். நம்ம வீட்டிலும் அப்படிக் கயிறு இருந்தா, விக்கிறதுக்கு முன்னாடி உருவிப் போடுங்க. சொந்தக் குழந்தைக்குப் போடுறதா இருந்தாலும்தான்.

அம்மா கண்ணு, எக்ஸ்போர்ட் கண்ணு!

"இங்கேயும் வித்துப் பார்த்தா என்ன?"ன்னு கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு. "புள்ள போட்ட துணியை விக்கிறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

நான் விடலை. தெருவுல பாத்திரக்காரம்மா குரல் கேட்டதும் கூப்பிட்டேன். அவங்க 46 பீஸையும் ஒரு புரட்டு புரட்டிட்டு, "சின்னப் புள்ளத் துணில துணி எங்க தம்பி இருக்குது? பேன்ட், சட்டை, சேலைன்னா சொல்லு"ன்னாங்க. மொத்தத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதுக்கு மேல ஒரு கப்புகூட கிடையாது!

பக்கெட்டைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு ரோஷம் வந்தது. "எடுத்துட்டு வாடா உள்ள"ன்னு சொல்லிட்டு டியூப்லைட்டுக்கு அடியில உட்கார்ந்தாங்க. பதினஞ்சு வருஷ செக்கிங் அனுபவம் சும்மாவா? ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பினாங்க. அக்குள் தையலை விரல் விட்டு இழுத்தாங்க. கழுத்து ரிப்பை நீட்டி, திரும்பச் சுருங்குதான்னு பார்த்தாங்க. ஜிப்பை மூணு தடவை ஏத்தி இறக்கினாங்க. பிரஸ் பட்டன் பிடிக்குதான்னு ஒவ்வொண்ணா அழுத்தினாங்க. பால் கறை வெளிச்சத்துலதான் தெரியுமாம். துவைச்சு வச்சப்போ இல்லாத கறை, ஆறு மாசம் கழிச்சு மஞ்சளா எட்டிப் பார்க்குமாம்.

பாதித் துணியில 'மேட் இன் இந்தியா' லேபிள் வேற. "இந்த ரகமெல்லாம் நாங்க செக் பண்ணி அனுப்புறதுதான். போன மச்சான் திரும்பி வந்தான்னு திரும்பி வந்திருக்குது பாரு"ன்னு சிரிச்சாங்க அம்மா. அமெரிக்கா போகுற துணியில் கொஞ்சம் வேற வழியிலும் இந்தியா திரும்புது, தெரியுமா? அங்கே விக்காத பழைய துணி பேல் பேலா கட்டிக் கப்பலில் குஜராத் காண்ட்லாவுக்கு வருது. அங்கே ரகம் பிரிக்கிறாங்க. கம்பளி ரகங்கள் ஹரியானா பானிபட் போய், கிழிபட்டு, நூலாகி, கம்பளிப் போர்வையாகுது. வெள்ளம், பூகம்பம்னா நிவாரணத்துக்குப் போகுற போர்வைகள் நிறைய பானிபட் சரக்குதான்.

ரிசல்ட்: 30 பீஸ் பாஸ். 15 ஃபெயில்.

இதைப் படிச்சுட்டு மூட்டையைப் பிரிக்கிறவங்களுக்கு அம்மாவோட செக் லிஸ்ட்:

* துவைச்சு, வெயிலில் காய வச்சு, அயர்ன் பண்ணி வைங்க. கசங்கின துணிக்குப் பாதி விலைதான்.
* பட்டன் போயிருந்தா தச்சுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை, பத்து ரூபாய் லாபம்.
* லேபிள்ல இருக்கிற வயசை நம்பாதீங்க. பிராண்டுக்குப் பிராண்டு மாறும். டேப் வச்சு உயரம், மார்பு அளவு எடுத்து எழுதி ஒட்டுங்க.
* செட்டைப் பிரிக்காதீங்க. டாப்பும் பேன்ட்டும் சேர்ந்தாதான் விலை.
* ஸ்வெட்டரை மழைக்காலம் முடியும்போது எடுங்க, ஏப்ரலில் எடுத்தா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.
* உள்ளாடை விற்பனைக்கு இல்லை!
* வாங்கின விலையை மறந்துடுங்க. மறக்கலைன்னா விக்கவே முடியாது.

கட்டில் கடை

நாங்க இருக்கிறது லைன் வீடு. வரிசையா பன்னெண்டு வீடு, பொதுவா ஒரு வாசல். பாதிப் பேர் ஒடிசா, பீகார்ல இருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவங்க. எதிர் வீட்டு ஒடிசா அக்காவுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. அம்மா அவங்களைக் கூப்பிட்டு, "இதுல வேணுங்கிறதை எடுத்துக்க கண்ணு, சும்மாதான்"ன்னாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே, "இருக்கு அம்மா, வேணாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அம்மாவுக்கு வருத்தம். எனக்கு மட்டும் புரிஞ்சுது.

நான் ஆறாவது படிக்கிறப்போ எங்க வீட்டு ஓனரம்மா ஒரு பை நிறைய சட்டை குடுத்தாங்க. அவங்க பையன் என் கிளாஸ். நல்ல சட்டை. நீலத்துல வெள்ளைக் கோடு. பிறந்த நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு சாக்லேட் எடுத்துட்டு கிளாஸுக்குள்ள நுழைஞ்சேன். மூணாவது பெஞ்சுல இருந்து குரல். "டேய், அது என் சட்டைடா!" அவன் கெட்டவன் இல்லை. தெரிஞ்சதைச் சொன்னான், அவ்வளவுதான். கிளாஸே சிரிச்சது. சாயங்காலம் ஓனரம்மா வேற, "எங்க பையனைவிட உனக்குத்தான் எடுப்பா இருக்குது"ன்னு வாய் நிறையச் சொன்னாங்க. அந்தச் சட்டையை நான் அப்புறம் தொடவே இல்லை. ஏன்னு அம்மா எத்தனையோ தடவை கேட்டாங்க. சொல்லலை. இப்போ இதைப் படிச்சுத்தான் அவங்களுக்குத் தெரியும்.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில கயித்துக் கட்டிலை வாசலில் போட்டேன். 30 துணியையும் அயர்ன் பண்ணி அடுக்கினேன். 20, 30, 50னு சீட்டு ஒட்டினேன். அக்கா 'சேல்'னு அட்டையில் எழுதினாள். பத்து நிமிஷம் யாரும் வரலை. அம்மா வெட்கத்துல உள்ளேயே இருந்தாங்க.

முதல்ல வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? எதிர் வீட்டு அக்காவேதான்! சும்மா குடுத்தப்போ வேணாம்னவங்க, ஒரு சிவப்பு கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பினாங்க. தையலை இழுத்துப் பார்த்தாங்க. அவங்களும் பனியன் கம்பெனிதானே! "அம்பது ஜாஸ்தி. முப்பது." நான் நாப்பத்தஞ்சுன்னேன். ஒரு பட்டன் லூசுன்னு காட்டினாங்க. உள்ளேயிருந்த அம்மாவுக்குப் பொறுக்கலை. "லூசெல்லாம் இல்ல, நான் பார்த்துத்தான் வச்சேன்"னு வெளியே வந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் காரசாரமா பேரம். முப்பத்தஞ்சுக்கு முடிஞ்சுது. ரெண்டு பேர் முகத்திலும் ஜெயிச்ச சிரிப்பு. அப்புறம் நாலு பீஸ் சேர்த்து எடுத்தாங்க.

மதியத்துக்குள்ள 21 பீஸ் காலி. 615 ரூபாய்.

சாயங்காலம் அந்தக் குட்டிப் பொண்ணு சிவப்பு கவுனைப் போட்டுக்கிட்டு வாசலில் ஓடினாள். எங்க பாப்பா பார்த்துட்டாள். விரலை நீட்டி, "அது என் கவுன்!"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆறாம் கிளாஸ் அப்படியே கண் முன்னாடி வந்துருச்சு. ஆனா அந்த அக்கா அசரவே இல்லை. அரிசி களைஞ்சுக்கிட்டே, "இல்ல பாப்பா, இப்போ இவளோடது. பைசா குடுத்தாச்சு"ன்னாங்க. நிமிர்ந்து, சிரிச்சுக்கிட்டே. எங்க பாப்பாவும் ஓகேன்னுட்டு விளையாடப் போயிட்டா. அவ்வளவுதான். முப்பத்தஞ்சு ரூபாய் செஞ்ச வேலை!

நான் ஆரம்பத்துல சொன்ன பெரிய விஷயம் இதுதான் மக்களே. சும்மா குடுக்கிறது நல்ல மனசுதான். ஆனா அதை வாங்கிக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணும். காசு குடுத்தா தையலை இழுத்துப் பார்க்கலாம், குறை சொல்லலாம், வேணாம்னு வச்சுட்டும் போகலாம். 1999-ல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கின 'கூஞ்ச்' அமைப்பும் இதே மாதிரிதான் யோசிச்சது. கிராமத்துக்காரங்க சேர்ந்து கிணறு தோண்டுறது, பாதை போடுறதுன்னு ஊருக்குத் தேவையான வேலையைச் செய்யறாங்க. பழைய துணி அதுக்கான சன்மானமா போகுது. யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைச்சது.

ஃபைனல் அக்கவுன்ட்ஸ்

மிச்சம் 9 பீஸை முக்கு டெய்லர் அண்ணன் கடையில் தொங்கவிட்டேன். "வித்தா பாதி எனக்கு, விக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடு தம்பி"ன்னார். கன்சைன்மென்ட்ங்கிற வார்த்தையே தெரியாம நம்ம ஊர்லயும் கன்சைன்மென்ட் இருக்கு பாருங்க! ரெண்டு வாரத்துல 4 பீஸ், தலா 40 ரூபாய். என் பங்கு 80. ஆக மொத்தம் 695. அக்கா "நீயே வச்சுக்கோடா"ன்னுட்டாள். ஒரு அரியர் பேப்பருக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கு. எந்த பேப்பர்னு கேக்காதீங்க, ப்ளீஸ்!

ஃபெயில் ஆன 15-ல் 9 காட்டன். மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியா அம்மா கம்பெனிக்குப் போயிருச்சு. ஜிகினா வச்ச 6 கவுனுக்குப் பாத்திரக்காரம்மா ஒரு எவர்சில்வர் டம்ளர் தந்தாங்க.

எல்லாம் சரி... 30-ம் 15-ம் 45தானே? எண்ணினது 46 ஆச்சே!

வீடு பூரா தேடினேன். அம்மா பீரோவுல சேலைக்கு அடியில ஒரு மஞ்சள் ஜப்லா. துவைச்சுத் துவைச்சுப் பூ மாதிரி ஆனது. "பொறந்த புள்ளைக்கு மொதல்ல பழைய துணிதான் போடணும். புதுத்துணி குத்தும். நாளைக்கு உனக்குக் கல்யாணமாகி ஒண்ணு பொறந்தா..."ன்னாங்க.

நான் தேர்டு இயர்தான் படிக்கிறேன்னு யாராச்சும் எங்கம்மாகிட்ட சொல்லுங்களேன்!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் அயர்ன் பாக்ஸ் பிசினஸ். மறக்காம வந்துடுங்க!

- மாணவ நிருபர், மூன்றாம் ஆண்டு இ.சி.இ.