அலறும் கித்தாரும் ஒரு தாயின் சேமிப்பும்



இம்முறை வந்த கடிதக் கட்டில் ஒன்று மட்டும் என் மேசையை விட்டு நகர மறுத்தது. கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. கணவர் காலமாகிவிட்டார். அவருடைய சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை மகளின் மேற்படிப்புக்கென்று தொடாமல் வைத்திருக்கிறார். மூத்தவன் பகலில் குலை வெட்டுகிறான். சனி, ஞாயிறுகளில் ஓர் இசைக்குழுவில் கித்தார் வாசிக்கிறான். பழைய கித்தார் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினான். அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டி முடிந்து பாட்டுத் தொடங்கிய வேளையில், அந்தக் கித்தார் 'ஊ'வென்று அலறி எல்லாரையும் காதைப் பொத்த வைத்துவிட்டதாம். "அடுத்த திருவிழாவுக்குள் சரி செய், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். பட்டணத்துக் கடையிலோ, இரண்டு பிக்அப்பையும் மாற்றவேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். மகன் பணம் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாளாகச் சரியாகப் பசியாறவில்லை. "கொடுப்பதா, கண்டிப்பதா?" என்பதுதான் அந்தத் தாயின் கேள்வி.

சகோதரி, இரண்டும் வேண்டாம். முதலில் கித்தாருக்கு என்ன நோய் என்று பார்ப்போம். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தேடிய பிறகே மருந்து என்று வள்ளுவர் சொன்னது மனிதருக்கு மட்டுமல்ல.

தம்பி வைத்திருப்பது 'செமி ஹாலோ' எனப்படும் கித்தார். வெளியிலிருந்து பார்த்தால் வயலின் போல 'எஃப்' வடிவத் துளை இரண்டு இருக்கும். இரு பக்கமும் உள்ளே வெற்றிடம்; நடுவில் மட்டும் ஒரு மரக்கட்டை தலை முதல் கால் வரை ஓடும். 1958இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 'ஈ.எஸ். 335' என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் முழுதும் உள்ளீடற்ற மின் கித்தார்கள் ஸ்பீக்கர் பக்கம் போனாலே அலறும். அதை அடக்கத்தான் நடுவில் கட்டை வைத்தார்கள். அலறல் குறைந்தது; அறவே போகவில்லை. ஆகவே, தம்பியின் கித்தார் அலறியது அதன் பிறவிக் குணத்தில் கொஞ்சம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பிக்அப் என்பது என்ன? கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தம். அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செப்புக் கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே ஸ்பீக்கரில் பாட்டாகிறது. ஒற்றைச் சுருள் பிக்அப், விளக்கிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் வரும் 'உம்'மென்ற இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் என்பவர், இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று கண்டு, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் 'ஹம்பக்கர்'. செமி ஹாலோ கித்தார்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

இனி, செலவில்லாத சோதனைகள். தம்பி, நீயே செய்யலாம்.

கித்தாரை ஆம்ப்பில் மாட்டி அலறும் அளவுக்குச் சத்தம் வை. அலறும்போது உள்ளங்கையை ஆறு கம்பிகள் மீதும் அமுக்கிப் பிடி. தாழ்ந்த குரலில் வந்த 'ஊ' நின்றுவிட்டதா? அப்படியென்றால் பெரும்பாலும் குற்றம் பிக்அப்பில் இல்லை. ஸ்பீக்கர் ஒலி கித்தாரின் மேல் பலகையை அசைக்கிறது. பலகை கம்பியை அசைக்கிறது. கம்பி மறுபடியும் ஸ்பீக்கருக்குப் போகிறது. சுற்றிச் சுற்றி ஓடும் நாய் தன் வாலைக் கடிப்பது போலத்தான். இதற்கு ஆயிரம் வெள்ளி பிக்அப் போட்டாலும் முழுக் குணம் கிடைக்காது. கூடுதல் சக்தியுள்ள பிக்அப் போட்டால் அலறல் இன்னும் மோசமாகலாம்.

கம்பியை அமுக்கிய பிறகும் 'கீச்'சென்ற மெல்லிய விசில் தொடர்கிறதா? அப்போது பிக்அப்பின் உள்ளே சுருளோ மேல் மூடியோ தளர்ந்திருக்கிறது. உறுதி செய்ய, பிக்அப்புக்கு அருகில் வாயை வைத்துப் பேசிப் பார். உன் குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டால், அது மைக்காகவே மாறிவிட்டது. இதற்கும் உடனே புதுப் பிக்அப் தேவையில்லை. பழுது பார்ப்பவர் அதை உருகிய மெழுகில் ஊறவைத்து எடுப்பார். மெழுகு உள்ளே புகுந்து சுருளை இறுக்கிவிடும். இதை வீட்டு அடுப்பில் செய்யாதே. மெழுகு தீப்பிடிக்கும், சூடு மிஞ்சினால் பிக்அப்பின் பிளாஸ்டிக்கும் உருகும்.

மூன்றாவது, 'உம்'மென்ற இரைச்சல். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் பெரும்பாலும் கம்பிகளின் எர்த் இணைப்பு சரியாகவே இருக்கிறது; உள்ளே இரைச்சலைத் தடுக்கும் கவசம்தான் போதவில்லை. கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும்போது உதட்டில் 'சுர்' என்று உறைத்தால், அன்றைக்கு வாசிப்பதை உடனே நிறுத்து. கித்தாரின் கம்பிகள் ஆம்ப் வழியாக எர்த்துடன் இணைந்தவை. கோயில் திருவிழாவில் அவசரத்துக்கு இழுத்த மின்கம்பியில் எர்த் இல்லையென்றால், நம் நாட்டு 230 வோல்ட் உன் உடம்பின் வழியே இறங்கப் பார்க்கும். மூன்று முள் பிளக்கில் நடுமுள்ளை வெட்டிவிட்டு மாட்டும் வேலையை எவர் செய்தாலும் தடுத்து நிறுத்து. கச்சேரி போனால் இன்னொன்று வரும்.

நான்காவதாக ஒரு மீட்டர் சோதனை. கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. மலிவான மல்டிமீட்டர் ஒன்று அங்கே கிடைக்கும். கித்தாரில் வயரை மாட்டி, வால்யூமை முழுதும் திறந்து, ஒரு பிக்அப்பை மட்டும் தேர்ந்து, வயரின் மறு முனையில் நுனியிலும் அடிப்பகுதியிலும் மீட்டரை வை. 20 கிலோ ஓம் அளவில், ஏழு முதல் ஒன்பது வரை காட்டினால் சாதாரண ஹம்பக்கர் உயிரோடு இருக்கிறது. எண்ணே வராமல் அளவைத் தாண்டிவிட்டதாகக் காட்டினால் சுருள் அறுந்திருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்.

பிறகு உயரம். கடைசிக் கட்டத்தில் கம்பியை அமுக்கிக்கொண்டு, பிக்அப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார். கழுத்துப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், பிரிட்ஜ் பக்கம் சுமார் 1.6 மில்லிமீட்டர் என்று தொடங்கு. இரு பக்கத் திருகாணியைத் திருப்பினால் போதும். புதுக் கம்பி மாட்டு. 'எஃப்' துளைக்குள் மெத்தைப் பஞ்சைச் சிறு துண்டாக வெட்டிச் செருகு. ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு செட் கம்பியின் விலைதான்.

பஞ்சு செருகுவது நாட்டுப்புற வைத்தியம் என்று நினைக்காதே. பி.பி. கிங் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரைக் கேள்விப்பட்டிருப்பாய். 1925இல் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் பருத்தி எடுத்தார், டிராக்டர் ஓட்டினார். உலகமே கொண்டாடிய பிறகும், தம் செமி ஹாலோ கித்தாரின் துளைகளில் துணியைத் திணித்துத்தான் அலறலை அடக்கினார். 1980இல் கிப்சன் அவர் பெயரில் கித்தார் செய்தபோது, அந்தத் துளைகளே இல்லாமல் செய்தது. 2015இல் மறையும்வரை அதைத்தான் வாசித்தார். தோட்டத்துப் பிள்ளை கண்ட வழியைத் தொழிற்சாலையே ஏற்றுக்கொண்டது, பார்த்தாயா?

இத்தனையும் செய்து பார்த்தும், சுருள் அறுந்திருந்தால், அல்லது ஒவ்வொரு கம்பியின் குரலும் தனித்துக் கேட்காமல் கூழாகக் குழைந்து வந்தால், அப்போது மாற்றலாம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

சக்தியைப் பார்த்து மயங்காதே. ஓம் எண் பெரிதாக இருந்தால் நல்ல பிக்அப் என்று கடையில் சொல்வார்கள். சுற்று கூடக்கூடச் சத்தம் கூடும். ஆனால் மேல் ஸ்தாயித் தெளிவு குறையும். சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுவில் கீபோர்டு, டிரம், தபேலா எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அதனிடையே கித்தார் தெளிவாகக் கேட்கவேண்டும். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் பாடல்களில் கித்தார் எவ்வளவு துலக்கமாக வருகிறது என்று கேட்டுப் பார். கழுத்துப் பக்கம் ஏழரைக்கு அருகிலும், பிரிட்ஜ் பக்கம் எட்டரைக்கு அருகிலும் உள்ள நடுத்தர ஜோடி செமி ஹாலோவுக்குப் பொருந்தும்.

காந்தம் மூன்று வகை என்று வைத்துக்கொள். 'அல்னிகோ 2' மென்மையானது. 'அல்னிகோ 5' கொஞ்சம் எடுப்பானது. கீழ்க்கம்பி இறுக்கமாகக் கேட்கும். 'செராமிக்' கடுமையானது, முரட்டு ராக் இசைக்கு ஏற்றது. உன் வேலைக்கு முதல் இரண்டில் ஒன்று. மெழுகிட்டதா என்று கட்டாயம் கேள். சத்தமான மேடையில் மெழுகிடாத பிக்அப் வேண்டாம்.

அளவைப் பார். சாதாரண ஹம்பக்கரா, சிறிய வகையா, ஒற்றைச் சுருளா என்பதைப் பொறுத்துக் குழியின் அளவு மாறும். பிரிட்ஜ் அருகே முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போ. 50 மில்லிமீட்டர் வகையும் உண்டு, 52, 53 வகையும் உண்டு. மரத்தை அறுத்துப் பொருத்தலாம் என்று எவராவது சொன்னால் வணக்கம் சொல்லி வெளியே வந்துவிடு. இரண்டையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்கு. வெவ்வேறு கம்பெனியானால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்றுக்கொன்று முரண்பட்டு, மூக்கடைத்த குரல் வரலாம்.

பொருத்தும் வேலையை இந்த வகைக் கித்தார் செய்த அனுபவம் உள்ளவரிடம் கொடு. மற்ற கித்தார்களைப் போல் பின்னால் திறக்க மூடி இருக்காது. உள்ளே உள்ள வால்யூம், டோன் எல்லாவற்றையும் 'எஃப்' துளை வழியாக நூல் கட்டி வெளியே இழுத்து, மறுபடி அதே நூலால் இழுத்து உட்கார வைக்கவேண்டும். கூலி கூடுதலாவது இதனால்தான். வேலைக்கு முன்பே கூலியைப் பேசி, எழுதி வாங்கிக்கொள். கழற்றிய பழைய பிக்அப்பைக் கேட்டு வாங்கி வீட்டில் வை. நாளை கித்தாரை விற்றால் அதுவும் ஒரு விலைதான்.

சகோதரி, இப்போது உங்களிடம் வருகிறேன். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பெயர்பெற்ற அமெரிக்கப் பிக்அப் ஜோடி ஒன்று அதில் பாதியைச் சுலபமாக விழுங்கிவிடும். மகளின் படிப்புப் பணத்தை இதற்காகத் தொடாதீர்கள். முதலில் கம்பி, பஞ்சு, திருகாணி. அதற்கும் அடங்காவிட்டால் மெழுகு. அதற்கும் பிறகே புதுப் பிக்அப். அப்போதும் மகன் தன் கச்சேரிக் கூலியில் மாதாமாதம் சேர்த்து வாங்கட்டும்.

ஆனால், இதைப் பிள்ளை விளையாட்டு என்று கண்டிக்கவும் வேண்டாம். பினாங்கிலிருந்து புறப்பட்ட ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும், 'அல்லிகேட்ஸ்' குழுவாக 1970களில் ஹாங்காங் வரை சென்று வாசித்து, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் கவர்ந்தார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர் குரல் இன்னும் ஒலிக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அப்படி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. பகலெல்லாம் குலை வெட்டிக் களைத்த கை, மாலையில் கம்பியைத் தொடுகிறதென்றால், அது கெட்ட வழிக்குப் போகாத கை என்று மட்டும் சொல்கிறேன்.

இன்றிரவு மகனைச் சாப்பிட உட்காரவைத்து, இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்து பாருங்கள். நீங்கள் ஆம்ப்பின் சத்தத்தைக் கூட்டுங்கள். அவன் கம்பியைப் பிடிக்கட்டும். முடிவை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வேறொரு வீட்டுக் கதையோடு சந்திப்போம்.