மந்திரவாதி கையில எதுக்குய்யா கடப்பாரை?

மக்களே, ரொம்ப நாளா மனசுக்குள்ள போட்டு அழுத்தி வெச்சிருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடறவன் நான்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாத மீதிப் பேர் கொடுத்து வெச்சவங்க :-)

ஆடாதவங்களுக்காக ஒரு குட்டி முன்கதை. 2004 நவம்பர்ல வந்த ஆட்டம் இது. பல ஆயிரம் பேர் ஒரே நேரத்துல ஒரே உலகத்துக்குள்ள திரியலாம். வீரன், வேட்டைக்காரன், பூசாரின்னு பல வகைப் பாத்திரங்கள். நான் எடுத்தது மேஜ், அதாவது மந்திரவாதி. சண்டை போக கைத்தொழிலும் கத்துக்கலாம். ஆனா ஒரு ஆளுக்கு ரெண்டே ரெண்டு முக்கியத் தொழில்தான். (சமையல், மீன்பிடி, முதலுதவி மூணும் இந்தக் கணக்குல வராது.) மூணாவது வேணும்னா இருக்கறதுல ஒண்ணை மறக்கணும். மறந்தா மறந்ததுதான். திரும்பக் கத்துக்கணும்னா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்.

இந்த ரெண்டு எதுங்கறதுலதான் சண்டையே. புதுசா மேஜ் எடுத்து வர்ற பிள்ளைங்க யாரைக் கேட்டாலும் ஒரே உபதேசம்: "மொதல்ல மைனிங்கும் ஹெர்பலிசமும் எடு. தோண்டு, பறி, வித்துக் காசாக்கு. தையல், என்சாண்டிங் எல்லாம் அறுபதாவது லெவலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

நான் சொல்றேன், மேஜுக்கு இது தப்பான அறிவுரை. சும்மா இல்ல, காரணத்தோட சொல்றேன். நான் பேசறது 2019 ஆகஸ்ட்ல திரும்ப வந்த கிளாசிக் பதிப்பைப் பத்தி. அறிவுரை ரொம்பப் பலமா கேக்கறதும் அங்கதான்.

முதல் காரணம். காசுக்கு அல்லாடற ஜாதியே இல்ல மேஜ். தண்ணியும் சாப்பாடும் மந்திரத்துலயே வரவழைச்சுக்கறான். மத்தவன் கடையில காசு கொடுத்து வாங்கறான். நாற்பதாவது லெவல்ல இருந்து ஊருக்கு ஊர் வாசல் திறந்து விடலாம், அதுக்கு ஜனங்க கையில காசு வெச்சுட்டுப் போறாங்க. எல்லாத்துக்கும் மேல கூட்டமா எதிரிங்களை இழுத்துட்டு வந்து ஒரே இடத்துல பனிமழை பெய்ய வெச்சுக் கொல்றதுல மேஜை அடிச்சுக்க ஆளே கிடையாது. (அந்த மந்திரத்தோட பேரு ப்ளிசார்ட். கம்பெனி பேரையே தூக்கி வெச்சிருக்கான் பாருங்க.) ஜுல்ஃபராக்ல பிணக்கூட்டத்தை மேய்ச்சுச் சம்பாதிக்கற மேஜுங்களைக் கேட்டுப் பாருங்க. இப்படிப்பட்டவன் கையில கடப்பாரையைக் கொடுத்துப் பாறையைத் தேடிப் போன்னு சொல்றது, லாரி வெச்சிருக்கறவனைத் தலைச்சுமை தூக்கச் சொல்ற மாதிரி.

ரெண்டாவது. தையலுக்குன்னு தனியா எதையும் தேடி அலைய வேண்டாம். மனுச வடிவ எதிரிங்களைக் கொன்னா துணி தானா விழுது. மொதல்ல லினன், அப்புறம் உல்லன், பட்டு, மேஜ்வீவ், ரூன்கிளாத். லினன் ரெண்டு சேர்ந்தா ஒரு சுருள், உல்லன்னா மூணு, பட்டுன்னா நாலு. மேஜ் உடுத்தறதே துணி மட்டும்தான், இரும்பும் தோலும் அவன் உடம்புல ஏறாது. ஆக, நீங்க தைக்கறதை நீங்களே போட்டுக்கலாம். அப்புறம் பை! ஆட்டம் தொடங்கறப்போ கையில இருக்கற பையில 16 இடம்தான். இன்னும் நாலு பை மாட்டலாம், ஆனா பை யார் கொடுப்பா? லினன் பைக்கு 6 இடம், உல்லனுக்கு 8, பட்டுக்கு 10, மேஜ்வீவுக்கு 12, ரூன்கிளாத்துக்கு 14. பை நிறைஞ்சு பொருளைத் தரையில விட்டுட்டு வந்தவனுக்குத் தெரியும் அந்த ஆறு இடத்தோட அருமை.

என்சாண்டிங் சங்கதியும் இதுதான். தேவைப்படாத பச்சை ரகப் பொருளை உடைச்சாத் தூளும் சாரமும் கிடைக்கும். நீங்க தைச்ச அங்கியையே உடைக்கலாம். வெறும் 10 திறன் வந்தவுடனேயே ஒரு மந்திரக்கோல் செஞ்சுக்கலாம், அஞ்சாவது லெவல்லயே கையில பிடிக்கலாம். மந்திர சக்தி தீர்ந்து போய் மேஜ் திருதிருன்னு முழிக்கற அந்த ஆரம்ப நாட்கள்ல அந்தக் கோல்தான் குலசாமி. அறுபதாவது லெவலுக்கு அப்புறம் கத்துக்கிட்டா அந்தக் கோலை வெச்சு முதுகு சொறிஞ்சுக்கலாம்.

மூணாவது. தோண்டறதும் பறிக்கறதும் ஜோடி சேராது. குட்டி வரைபடத்துல ஒரு நேரத்துல தாதுவைக் காட்டும், இல்லைன்னா மூலிகையைக் காட்டும். ரெண்டையும் சேர்த்துக் காட்டாது. மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டே திரியணும். அப்படிப் பறிச்சுட்டு ஏலக்கடைக்குப் போனா அங்க போட்டி யாரோட? பாதி நேரம் மனுசனோடயே இல்ல, தானியங்கி நிரல்களோட. 2020 ஜூன்ல ப்ளிசார்ட்டே சொன்னது: அமெரிக்கா, ஓசியானியா, ஐரோப்பா மூணு பகுதியிலயும் அதுக்கு முந்தின ஒரு மாசத்துல நிறுத்தி வெச்ச, மூடின கணக்குங்க 74,000க்கு மேல. தூங்காத, சாப்பிடாத ஒரு நிரலோட போட்டி போட்டு மூலிகை பறிக்கணுமா? பகல் முழுக்க நிரல் எழுதித்தானே பொழைக்கிறோம், ராத்திரியும் அதுகிட்டயே தோக்கணுமா?

இப்போ எதிர்க்கட்சி வாதம். மழுப்பாம சொல்லிடறேன். நாற்பதாவது லெவல்ல குதிரை வாங்கச் சவாரிப் பயிற்சியோட சேர்த்துக் கிட்டத்தட்ட 100 கோல்டு ஆகும். என்சாண்டிங் கத்துக்கறவன் விக்க வேண்டியதை எல்லாம் உடைச்சுத் தூளாக்கறான். தையல்காரன் துணியை விக்காமத் தைச்சுத் தள்றான், தைச்ச அங்கியை ஏலத்துல போட்டாத் துணிக்காசு கூடத் தேறாது. தோண்டறவன் கையில குதிரைக் காசு முன்னாடியே சேரும். எல்லாம் உண்மை. மறுக்கலை.

அதுக்கு என்னோட பதில் ஒரு கதை. கதைன்னா என் தலையிலேயே குட்டிக்கற கதை.

2020 ஊரடங்குல ஆபீஸ் பொட்டியைத் தூக்கிட்டு முள்ளுக்குறிச்சிக்கே வந்துட்டேன். மொட்டை மாடியில நின்னா எதிர்ல கொல்லிமலை. வீட்டுக்குள்ள நானும், பதினொண்ணாவது படிச்ச சித்தப்பா பையனும், ஆளுக்கொரு மேஜும். அவன் தையலும் என்சாண்டிங்கும் எடுத்திருந்தான். ராத்திரி ஆனா அயர்ன்ஃபோர்ஜ்ல போய் நின்னுக்குவான். கிளாசிக்ல மந்திரம் ஏத்தறதைப் பொட்டலம் கட்டி ஏலத்துல விக்க முடியாது. ஆள் நேர்ல வந்து நிக்கணும், அவங்க பொருளை நம்ம முன்னாடி வைக்கணும், நாம ஏத்திக் கொடுக்கணும். இவன் சின்ன லெவல் பசங்களுக்குச் சும்மாவே ஏத்திக் கொடுப்பான், மிச்சத் துணியில பை தைச்சுக் கையில திணிப்பான். எங்கேயோ இருக்கறவங்க எல்லாம் உள்ள நுழைஞ்சதும் இவனைத் தேடி வணக்கம் வைப்பாங்க. உடைஞ்ச இங்கிலீஷ்ல பேசிச் சிரிச்சுட்டிருப்பான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நேரம் அது.

நான் என்ன பண்ணினேன்? பெரிய அறிவாளியாட்டம் உக்காந்து அறிவுரை சொன்னேன். "டேய், இதுல ஸ்கோப் இல்லடா. தையலை மறந்துட்டு மைனிங் எடு, என்சாண்டிங்கை மறந்துட்டு ஹெர்பலிசம் எடு. நாற்பதுல குதிரை வேணுமா வேணாமா?"

"இல்லண்ணா, நூத்தித் தொண்ணூறு வரைக்கும் ஏத்தியிருக்கேன்ணா..."

"ஏத்தினாப் போச்சு, அப்புறம் கத்துக்கலாம்."

ரெண்டையும் மறந்தான். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. அப்புறம் தினம் மூணு மணி நேரம் ஒரே மலையைச் சுத்திச் சுத்தி வந்தான். யார்கிட்டயும் பேச்சு இல்ல, தேடி வர யாருக்கும் காரணமும் இல்ல. நாற்பது வந்தது, காசும் சரியாச் சேர்ந்திருந்தது. குதிரை வாங்கினான். அடுத்த வாரத்துல இருந்து ஆட்டத்துக்கே வரலை. கேட்டதுக்கு "போர் அடிக்குதுண்ணா" ன்னு ஒரு வார்த்தை.

குதிரை வந்துச்சு, ஆள் போயிட்டான்.

பறிக்கறதைக் கேவலமா பேசறேன்னு ஆட்டோ அனுப்பிடாதீங்க. எங்க மலையில முடவாட்டுக்கால் கிழங்கு எடுத்துட்டு வர்றவங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எந்தப் பாறை இடுக்குல எது முளைக்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கறது பெரிய படிப்பு. ஆட்டத்துல இருக்கற மூலிகைத் தொழில்ல அந்தப் படிப்பெல்லாம் இல்ல. வரைபடத்துல புள்ளி தெரியும், போய் மவுஸை அமுக்கணும், அவ்ளோதான்.

"ஸ்கோப்"ங்கற வார்த்தையை நான் எங்க கத்துக்கிட்டேன்னு யோசிச்சுப் பார்த்தேன். பிளஸ் டூ முடிச்ச வருசம் ஊரே கூடி என் தலையில கட்டின வார்த்தை. அதைப் பிடிச்சுத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சேன். குறை சொல்லலை, அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது. வீடு ஓடறதுக்கு அந்த ஒரு வேலை போதாதா? மாசச் சந்தாவும் கட்டிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு இன்னொரு வேலைக்குப் போகணுமா? ஆட்டத்துக்குள்ளயும் பிள்ளைங்களை வேலைக்கு அனுப்பற அளவுக்கு அந்த வார்த்தை நமக்குள்ள ஊறிப் போச்சு.

அதனால மேஜ் எடுக்கற தம்பி தங்கைங்களே, தையலும் என்சாண்டிங்கும் மொத நாளே எடுங்க. கொஞ்ச நாள் பஞ்சப்பாட்டு இருக்கும், தாங்கிக்குங்க. நாற்பதுக்குப் பதிலா நாற்பத்தி மூணுல குதிரை வரும். வரட்டுமே, அதுவரைக்கும் நடங்க. அறுபதுல ஆர்ச்மேஜ் அங்கின்னு ஒண்ணு இருக்கு. மேஜ் மட்டுமே உடுத்தலாம், தைச்சவனோடயே ஒட்டிக்கும், ஏலத்துல எவ்ளோ கோல்டு கொட்டினாலும் கிடைக்காது. தானே தைச்சுக்கிட்டவன் மட்டும்தான் போட முடியும். 2022 நவம்பர்ல வந்த டிராகன்ஃப்ளைட்ல இருந்து நடப்புப் பதிப்புல ஆர்டர் கொடுத்துச் செஞ்சு வாங்கற ஏற்பாடே வந்துடுச்சு. செய்யத் தெரிஞ்சவனைத் தேடி ஆள் வர்ற காலம் அங்கயும் வந்தாச்சு.

சித்தப்பா பையன் இப்போ காலேஜ். போன பொங்கலுக்கு வந்தப்போ, "புது மேஜ் ஒண்ணு ஆரம்பிக்கலாமாடா? இந்தத் தடவை நீ தை, நான் போட்டுக்கறேன்" னு கேட்டேன். சிரிச்சான். வர்றேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை.

பி.கு: லினன் ரெண்டு கட்டு எடுத்து வெச்சிருக்கேன். இன்னும் விக்கலை.