எவரிடமிருந்து மறைவு?

புதிய விஞ்ஞானச் சாதனம் ஒன்று மக்கள் வாழ்வில் நுழையுங்கால், அதன் பெயரும் உடன் நுழைகிறது. பெயர் அதன் செயலைச் சரிவர உணர்த்துமாயின், மக்கள் அதனைத் தக்க எச்சரிக்கையுடன் கையாள்வர். உணர்த்தாவிடின், சாதனம் செய்யாத வேலையை அது செய்வதாக நம்பி ஏமாறுவர். இணையத்தில் ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் இவ்வேமாற்றம் பெரிதும் காணப்படுகிறது. புதிய கருவிகளுக்கு முன்னர்த் தெளிந்த சொற்கள் தேவை என்பதே நம் கருத்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் இவ்வாறு கூறுவது வியப்பன்று. ஆயினும் இதற்குரிய காரணங்களைச் சிறிது ஆராய்வோம்.

கூகிள் குரோம் உலாவியில் தனிச் சாளரம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அது ‘இன்காக்னிட்டோ’ எனப்படும். தமிழில் ‘மறைநிலை’ என்று வழங்குகிறது. இத்தாலிய மொழியினின்று ஆங்கிலம் புகுந்த அச்சொல், தம்மை இன்னார் எனக் காட்டாது பயணம் செய்யும் பெரியோரைக் குறித்தது. மாறுவேடம் பூண்டு இரவில் நகர்வலம் வரும் மன்னனை நம் கதைகளும் அறியும். ஆயின் இச்சாளரத்தைத் திறப்பவர் எவ்வேடமும் பூணுவதில்லை. அவர் அரண்மனைக்குத் திரும்பியபின் அங்குப் பதிந்த காலடிச் சுவடுகள் துடைக்கப்படுகின்றன, அவ்வளவே. வீதியில் நின்றோர் அவரை உள்ளவாறே கண்டிருப்பர்.

சாளரத்தை மூடியதும், பார்த்த பக்கங்களின் பட்டியல் அக்கணிப்பொறியில் தங்காது. ஆதலின், அதே கருவியை அடுத்துப் பயன்படுத்தும் வீட்டாரிடமிருந்தும் நண்பரிடமிருந்தும் மறைவு கிட்டும். இது பயனுள்ள வசதியே. ஆனால், இணைய இணைப்பு அளிக்கும் நிறுவனம், அலுவலக வலையமைப்பை நிர்வகிப்போர், சென்று கண்ட இணையதளம் ஆகிய மூன்று தரப்பாரிடமிருந்தும் அது வருகையை மறைப்பதில்லை. இச்சாளரத்தைப் பயன்படுத்தியபோதும் தம்மைப் பற்றிய விவரங்கள் திரட்டப்பட்டன என்று கூறி, 2020-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கூகிள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024-இல் ஏற்பட்ட சமரசத்தில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கவும், தன் அறிவிப்பைத் தெளிவாக்கவும் அந்நிறுவனம் இசைந்தது. ஒரு சொல்லின் விலையை இதனால் அறியலாம்.

‘குக்கி’ என்பது மற்றொரு சொல். கேட்பவர் மனத்தில் பிஸ்கோத்து தோன்றுமேயன்றி வேறொன்றும் தோன்றாது. ‘அடையாளச் சீட்டு’ என்றால் செயல் உடனே விளங்கும். வருபவர் முன்னர் வந்தவரா என்பதை நினைவிற்கொள்ளும் திறன் இணையதளங்களுக்கு இயல்பில் இல்லை. இக்குறையை நீக்க, நெட்ஸ்கேப் நிறுவனப் பொறியாளர் லூ மாண்டுலி 1994-இல் இச்சீட்டை வகுத்தார். தளம் நம் உலாவியில் ஒரு சிறு குறிப்பை வைக்கிறது. மறுமுறை செல்லுங்கால் உலாவி அதனைத் திருப்பிக் காட்டுகிறது. இதில் தீங்கில்லை. ஆனால், செய்தித்தளத்தில் விளம்பரம் இடும் வேறொரு நிறுவனமும் தன் சீட்டை வைக்கலாம். மருந்து விற்கும் தளத்திலும் அதே நிறுவனம் விளம்பரம் இடுமாயின், இரண்டு வருகைகளும் ஒருவருடையனவே என அது அறிந்துகொள்ளும். நம் நோயும் நாம் படிக்கும் செய்தியும் முன்பின் அறியாத ஒருவரின் ஏட்டில் அருகருகே பதிவாகின்றன.

இத்தகைய பிறர் சீட்டுகளைச் சஃபாரி உலாவி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் சீட்டுகளையும் தனித்தனியே அடைத்துவைக்கிறது. குரோமில் இவற்றை ஒழிக்கப்போவதாக 2020-இல் அறிவித்த கூகிள், பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே அதன் அமைப்புப் பக்கத்தில் பயனரே இவற்றைத் தடுத்துக்கொள்ளல் வேண்டும்.

விளம்பரங்களில் பெரிதும் புகழப்படும் வி.பி.என். சேவையையும் இவ்வாறே ஆராய்தல் நலம். நம் இணைப்பு நிறுவனத்திடமிருந்து அது நம் போக்குவரத்தை மறைக்கிறது. ஆனால் அப்போக்குவரத்து முழுவதும் வி.பி.என். நிறுவனத்தின் வழியே செல்கிறது. நம்பிக்கை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுகிறது. மேலும், இத்தகைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் பாதுகாத்து வைக்கவேண்டுமென்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணிப்பொறி அவசரநிலை அமைப்பு ஆணையிட்டது. இதனை அறிந்தே அச்சேவையை வாங்குதல் வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பு தெளிந்த எளிய நடையில் அமையவேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எம்மொழியிலும் அதனைப் பெற வாய்ப்பளிக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் அச்சட்டம் வழி செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளை மேற்கொள்ளப் பதினெட்டு மாத அவகாசம் வழங்கப்பட்டது.

இங்குத்தான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது. “மூன்றாந்தரப்புப் பங்காளர்களின் தரவுச் செயலாக்கத்திற்கு இசைவளிக்கிறேன்” என்று எழுதினால், இலக்கணப் பிழை இராது, பொருளும் இராது. படிப்பவர் பொத்தானை அழுத்திவிட்டுச் செல்வார். “உங்கள் கைப்பேசி எண்ணை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுப்போம், சம்மதமா?” என்று கேட்டால், அவர் ஒரு கணம் நின்று சிந்திப்பார். சட்ட நுட்பம் கெடும் என்று சிலர் மறுப்பர். நுட்பமான வாசகம் கீழே விரிவாக நிற்கட்டும். எது எடுக்கப்படுகிறது, எவருக்குச் செல்கிறது, மறுப்பது எங்ஙனம் என்னும் மூன்றும் எளிய தமிழில் மேலே நிற்றல் வேண்டும். விளங்காத ஒன்றிற்குக் கொடுத்த சம்மதத்தைச் சம்மதம் எனக் கொள்ளுதல் முறையாகாது.

அத்தகைய அறிவிப்புகள் எங்கும் வரும்வரை வாசகர் வாளா இருத்தல் வேண்டா. “நாங்கள் உங்களை மறைக்கிறோம்” என்று எச்சாதனம் கூறினும், “எவரிடமிருந்து?” என்று கேட்கும் பழக்கத்தை மேற்கொள்வாராக. இக்கேள்விக்கு நேரான விடை அளிக்காத சாதனத்திடம் தம் அந்தரங்கத்தை ஒப்படைக்குமுன் மீண்டும் ஒருமுறை சிந்திப்பாராக.