திறன் யாருக்குக் கேடயம்?

போக்கர் சூதா, திறனாட்டமா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று, இணையப் பண ஆட்டங்களைத் தடைசெய்த மாநிலச் சட்டத்திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாக வகைப்படுத்திய தமிழ்நாட்டுச் சட்டத்தின் அட்டவணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. இரண்டு வழக்குகளிலும் வாதத்தைத் தாங்கியது ‘திறன்’ என்னும் சொல். மென்பொருளைக் கொண்டு பயின்று தேற முடிகிற ஆட்டம் எங்ஙனம் சூதாகும் என்று ஆர்வலர்கள் கேட்கின்றனர்.

சான்று மெய், அதிலிருந்து பெறும் முடிவுதான் பிழை.

அம்மென்பொருள் தன்னோடு தானே எண்ணற்ற முறை ஆடுகிறது. வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று ஒவ்வொரு முடிவிலும் அளக்கிறது. அந்த அளவைக்குக் கணினியியலார் இட்ட பெயர் ‘வருத்தம்’. வருத்தத்தைக் குறைத்துக் குறைத்தே ஆட்டம் கூர்மை பெறுகிறது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 20 நாள்களில் 1,20,000 ஆட்டங்களில் வென்றது. தொடர்போட்டிகளில் சிப்புகளின் எண்ணிக்கையும் பரிசின் மதிப்பும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. எப்போது அனைத்தையும் பணயம் வைப்பது, எப்போது சீட்டைக் கீழே வைப்பது என்னும் கணக்கையும் மென்பொருளே கற்பிக்கிறது.

இனி, ஒக்கலிபுரத்துச் சந்து ஒன்றில், வேலை முடிந்து கைப்பேசியில் ஆட அமரும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவர் மாதக்கணக்கில் இக்கணக்கைப் பயின்றவர். பரிசு என்பது ஆடுவோர் கட்டிய பணமே. நிறுவனம் தன் பங்கை முன்னரே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டத்தில் திறனின் பங்கு கூடக்கூட, பயிலாதவனின் இழப்பு தற்செயல் என்னும் நிலையிலிருந்து உறுதி என்னும் நிலைக்கு நகர்கிறது. அவனைக் காப்பதாகச் சொல்லப்படும் சொல்லே அவனை வீழ்த்துகிறது.

சதுரங்கத்திலும் வலியவர் வெல்கிறாரே என்பர். வெல்கிறார், ஆனால் அங்கே தோற்றவனின் வீட்டு வாடகை பலகைமேல் இருப்பதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன், வாய்ப்பு என்னும் வேறுபாட்டைக் கருதாமல் இணையப் பண ஆட்டங்களைத் தடைசெய்தது. தடை ஒன்றே போதுமா என்பது தனி விவாதம். ஆயினும் கேள்வி அதன் உரிய இடத்தை அடைந்துவிட்டது. வள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தை வைத்ததும் பொருட்பாலில்தான். ஆடுபவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை விட, பொருள் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போகிறது என்பதே கேட்கப்பட வேண்டியது.